வீட்டில் செய்த காற்றாலையின் திறனைச் சோதிக்க எது ஏற்றது: லேத், வண்டி, கோபுரம், காற்றுச்சுரங்கம்?

பிளைவுட் அச்சில் காயில்களை அடுக்கிப் பாலியெஸ்டர் ரெசின் ஊற்றி, சுழலாமல் நிற்கும் காயில் வட்டான ஸ்டேட்டரை வார்த்து, மரத்தில் இறக்கை செதுக்கி, தகட்டில் வால் வெட்டிப் பொருத்தி முடித்தவரிடம் ஊரார் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை வாட் தரும்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு விடை தேடும்போதுதான் செய்தவர் திகைத்து நிற்கிறார். லேத்தில் மாட்டிச் சுற்றிப் பார்த்தால் போதுமா, குட்டியானை வண்டியில் கட்டி ஓட்டிப் பார்க்கலாமா, கோபுரத்தில் ஏற்றி ஒரு காற்றுக்காலம் முழுவதும் பதிவு செய்ய வேண்டுமா, அல்லது பொறியியல் கல்லூரியின் காற்றுச்சுரங்கத்தைக் கேட்டுப் பெறுவதா என்ற குழப்பத்தோடு என்னிடம் வந்தவர்கள் பலர். இந்த நான்கு முறைகளும் நான்கு வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன என்பதை முதலில் விளங்கிக்கொண்டால், தேர்வு எளிதாகிவிடும்.

பேச்சுக்கு ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். ஸ்காட்லாந்தின் ஸ்கொரெய்க்கைச் சேர்ந்த ஹியூ பிகாட் பரப்பிய வடிவம் இன்று உலகெங்கும் வீட்டுப் பட்டறைகளில் செய்யப்படுகிறது: நியோடிமியம் காந்தங்கள் ஒட்டிய இரண்டு இரும்புத் தட்டுகள், அவற்றின் நடுவே ரெசினில் வார்த்த ஸ்டேட்டர், மூன்று மர இறக்கைகள். அந்த வகையில் 2.4 மீட்டர் விட்டமும் 24 வோல்ட் பேட்டரியும் கொண்ட ஆலையே இந்தக் கட்டுரை முழுவதற்கும் நம் எடுத்துக்காட்டு.

## முதலில் அளவுகோல்கள்

எதை அளக்கிறோம்? காந்தத் தட்டுகளும் ஸ்டேட்டரும் சேர்ந்து மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரை மட்டுமா, இறக்கையையும் சேர்த்தா, கேபிளும் பேட்டரியும் அடங்கிய முழு அமைப்பையா, அல்லது நம் தோட்டத்துக் காற்றையும் சேர்த்தா என்பதே முதல் அளவுகோல். ஆல்டர்னேட்டரின் குறையை இறக்கையின் மேல் ஏற்றிச் சொல்லி, நல்ல இறக்கையைச் சீவிக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காற்றின் வேகம் எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது? காற்றில் உள்ள திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், வேக அளவில் 10 சதவீதப் பிழை இருந்தால் திறனில் அது ஏறக்குறைய 33 சதவீதப் பிழையாக வந்து நிற்கும். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், காற்றை அசட்டையாக அளந்தால் அந்த நுட்பம் வீண்.

சுமை உண்மையானதா? மல்டிமீட்டரின் இரு முனைகளை வைத்து 60 வோல்ட் காட்டுகிறது என்று மகிழ்வது மிகப் பரவலான தவறு. சுமையில்லாமல் வரும் மின்னழுத்தம் திறனாகாது. பேட்டரி இணைந்திருக்கும்போது அது மின்னழுத்தத்தை 24 முதல் 29 வோல்ட்டுக்குள் பிடித்து நிறுத்துகிறது. அந்த நிலையில், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிபையருக்குப் பிறகு வரும் நேர்மின்னோட்டத்தை அளந்து, மின்னழுத்தத்தோடு பெருக்கிக் கிடைப்பதே நாம் தேடும் வாட். விலை குறைந்த கிளாம்ப் மீட்டர்களில் பல மாறுமின்னோட்டத்தை மட்டுமே அளப்பவை என்பதால், வாங்கும்போதே நேர்மின்னோட்டத்தையும் அளக்கும் மீட்டரைக் கேட்டு வாங்க வேண்டும்.

செலவு, நாள், ஆபத்து. கருவியின் விலை மட்டும் செலவாகாது. உதவிக்கு எத்தனை பேர் வேண்டும், எத்தனை நாள் பிடிக்கும், தவறினால் உடைவது பொருளா உடம்பா என்பதும் செலவில் சேரும்.

இவற்றோடு ஓர் எல்லைக்கோடும் வேண்டும். ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் வகுத்த கணக்கின்படி, திறந்த வெளியில் சுழலும் எந்த இறக்கையும் காற்றின் திறனில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க இயலாது. வீட்டில் செய்த நல்ல ஆலை, இறக்கை, ஆல்டர்னேட்டர், ரெக்டிபையர் இழப்புகள் எல்லாம் போக, நான்கில் ஒரு பங்கை மின்சாரமாகத் தந்தால் அது நிறைவான வேலை. தமிழ்நாட்டின் சமவெளி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று ஏறக்குறைய 1.15 கிலோ எடை உள்ளது. கருவி விளம்பரங்களில் வரும் 1.225 என்பது 15 டிகிரிக் குளிரில் கடல்மட்டத்துக் காற்றுக்கு உரியது. 2.4 மீட்டர் விட்டத்துக்கு வீச்சுப் பரப்பு 4.52 சதுர மீட்டர் என்ற கணக்கில் கீழ்க்காணும் அட்டவணை கிடைக்கிறது.

| காற்றின் வேகம் (மீ/வி) | காற்றில் உள்ள திறன் (வாட்) | பெட்ஸ் எல்லை (வாட்) | நான்கில் ஒரு பங்கு (வாட்) |
|---|---|---|---|
| 4 | 166 | 99 | 42 |
| 5 | 325 | 193 | 81 |
| 6 | 562 | 333 | 140 |
| 8 | 1332 | 790 | 333 |
| 10 | 2601 | 1543 | 650 |

எந்தச் சோதனையிலாவது மூன்றாம் நிரலைத் தாண்டிய எண் வந்தால், அது அளவையில் நேர்ந்த பிழை. நான்காம் நிரலை வெகுவாகத் தாண்டினாலும் முதலில் காற்றளவைச் சந்தேகிப்பதே முறை.

## முறை 1: பட்டறையில் லேத்தில் சுற்றுவது

ஆல்டர்னேட்டரை லேத் சக்கில் பிடித்து, தெரிந்த வேகத்தில் சுற்றி, பேட்டரிக்கு எவ்வளவு மின்சாரம் போகிறது என்று பார்ப்பது இந்த முறை. கைத் துரப்பணத்தால் சுற்றுவோரும் உண்டு. ஆனால் 500 வாட் துரப்பணத்தால் அதைவிடக் குறைந்த திறனையே ஆல்டர்னேட்டருக்குள் செலுத்த முடியும் என்பதால், மின்சாரம் பாயத் தொடங்கும் வேகத்தைக் கண்டறிய மட்டுமே அது உதவும்.

இந்தச் சோதனையின் பெரும்பயன், உள்ளே போகும் இயந்திரத் திறனையும் அளக்க முடிவதுதான். காந்தத் தட்டுகளைச் சக் சுற்ற, ஸ்டேட்டர் தாங்கியைப் பேரிங்கில் தன்போக்கில் திரும்ப விட்டு, அதிலிருந்து அரை மீட்டர் நீளமுள்ள கை ஒன்றை நீட்டி, அதன் நுனியை ஸ்பிரிங் தராசில் மாட்ட வேண்டும். காந்தப்புலம் ஸ்டேட்டரைத் தன்னோடு இழுக்கும் விசையைத் தராசு காட்டும். நான் செய்தபோது முதலில் முள் நடுங்கிக்கொண்டே இருந்தது. எந்த எண்ணையும் நம்பிக் குறிக்க முடியவில்லை. கையின் நுனியில் ஒரு தகட்டுத் துண்டைப் பொருத்தி, அதைப் பழைய எண்ணெய் நிறைந்த டப்பாவுக்குள் மூழ்கவிட்ட பிறகே முள் அடங்கியது. நிமிடத்துக்கு 300 சுற்றில் தராசு 2.9 கிலோ காட்டியது. அரை மீட்டர் கைக்கு அது 14.2 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அந்த வேகத்தில் 447 வாட். பேட்டரிப் பக்கத்தில் 26 வோல்ட், 10.5 ஆம்பியர், அதாவது 273 வாட். ஆல்டர்னேட்டரும் ரெக்டிபையரும் சேர்ந்து 61 சதவீதத்தைத் தந்தன. எஞ்சிய 174 வாட்டில் பெரும்பகுதி காயில் கம்பியின் மின்தடையில் வெப்பமாகிப் போயிற்று.

இந்த வெப்பத்தில்தான் மறைமுகச் செலவு ஒளிந்திருக்கிறது. செப்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடும் என்பதால், 30 டிகிரியில் குளிர்ந்திருந்த ஸ்டேட்டர் 80 டிகிரிக்குப் போனால் இழப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும். லேத்தில் இரண்டு நிமிடம் சுற்றி நிறுத்திவிட்டு எழுதிய எண், ஆடி மாதத்தில் பகல் முழுவதும் ஓடும் ஆலைக்குப் பொருந்தாது. மறுபுறம், கோபுரத்தில் காற்று ஸ்டேட்டரைக் குளிர்விக்கும். மூடிய பட்டறையில் அது இல்லை. ஆகவே நீண்ட நேரம் சுற்றினால் ரெசின் மணம் எழும். அந்த மணம் வந்ததும் லேத்தை நிறுத்திவிட வேண்டும். சாதாரண நியோடிமியம் காந்தங்கள் 80 டிகிரியை ஒட்டியே தம் வலிமையை நிரந்தரமாக இழக்கத் தொடங்குபவை.

இன்னொரு மறைமுகச் செலவு, லேத்தின் வேகப் படிகள். பழைய பல்சக்கர லேத்தில் கிடைக்கும் நான்கைந்து வேகங்களை வைத்து வளைகோடு வரைவது கடினம். வேகத்தை விரும்பியபடி மாற்றும் இயக்கி பொருத்திய பட்டறையைத் தேடி ஆலையைச் சுமந்து செல்ல வேண்டியிருக்கும்.

எப்போது ஏற்றது? இறக்கை இன்னும் செதுக்கப்படாத நிலையிலும், மின்சாரம் குறைவதற்குக் காரணம் ஆல்டர்னேட்டரா இறக்கையா என்று பிரித்தறிய வேண்டிய நிலையிலும் இதற்கு மாற்றே இல்லை. ஆனால் காற்றைப் பற்றி இந்தச் சோதனை ஒரு சொல்லும் சொல்லாது. லேத் கேட்டதையெல்லாம் கொடுக்கும்; காற்று அப்படிக் கொடுக்காது. 600 சுற்றில் ஒரு கிலோவாட் வந்தது என்று சொல்பவர், தம் இறக்கை அந்தச் சுமையோடு 600 சுற்றை எட்ட எவ்வளவு காற்று வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

## முறை 2: வண்டியில் கட்டி ஓட்டுவது

காற்று வரும்வரை காத்திருக்காமல், காற்றை நாமே உண்டாக்குவது இது. சிறு சரக்கு வண்டியின் தளத்தில் கம்பம் நட்டு, ஆலையை ஏற்றி, மணிக்கு 29 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் இறக்கைக்கு 8 மீ/வி காற்று. ஒரே காலையில் 4 முதல் 10 மீ/வி வரை எல்லா வேகங்களையும் பார்த்துவிடலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி.

கவர்ச்சிக்குப் பின்னால் சில பொறிகள் உண்டு. முதலாவது, வண்டியே காற்றை வளைப்பது. கேபினுக்கு மேலே ஒரு மூங்கில் கழியை நிறுத்தி, ஒவ்வோர் அடிக்கும் ஒரு கம்பளி நூலைக் கட்டி, வண்டியை ஓட்டச் சொல்லிப் பார்த்தேன். கேபினை ஒட்டிய இரண்டு நூல்கள் வானத்தை நோக்கி எழுந்து துடித்தன. மூன்றாவது சரிந்தே பறந்தது. அதற்கும் மேலே இருந்தவைதான் கிடைமட்டமாக நீண்டு அமைதியாகப் பறந்தன. கீழே வரும் இறக்கை நுனி அந்த அமைதியான பகுதிக்குள் இருக்க வேண்டுமானால், அச்சு கேபினுக்கு மேலே குறைந்தது இரண்டரை மீட்டர் உயரத்தில் அமைய வேண்டும். அப்போது மேல் நுனி தரையிலிருந்து ஐந்தரை மீட்டரைத் தாண்டிவிடும். அந்த உயரத்தில் மின்கம்பி, கேபிள் டிவி வயர், வேப்பங்கிளை எல்லாம் குறுக்கிடும்.

இரண்டாவது, இயற்கைக் காற்று. வண்டி 8 மீ/வி வேகத்தில் ஓடும்போது எதிரே 1 மீ/வி மெல்லிய காற்று வீசினால், இறக்கைக்குக் கிடைப்பது 9 மீ/வி. திறன் 42 சதவீதம் கூடுதலாகத் தெரியும். அதே பாதையில் திரும்பி ஓட்டி இரண்டின் சராசரியை எடுத்தால் பிழை 5 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே எந்த வேகத்தையும் இருதிசையிலும் ஓட்டாமல் குறிக்கக் கூடாது. விடியற்காலை ஐந்து மணிக்கு, இலை அசையாத வேளையில் தொடங்கி ஏழுக்குள் முடித்துவிடுவது நலம். வேகமானியை நம்பாமல், ஆலைக்கு முன்னே நீட்டிய கழியில் அதே உயரத்தில், காற்றின் வேகத்தை அளக்கும் அனிமாமீட்டரையும் வைக்க வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு வேகத்திலும் நிலைத்து ஓட இடம். இறக்கை சீராகச் சுற்ற அரை நிமிடமாவது வேண்டும். 8 மீ/வி வேகத்தில் அது 240 மீட்டர். வேகம் பிடிக்கவும் நிறுத்தவும் இடம் சேர்த்தால், அரைக் கிலோமீட்டர் நேரான, சமமான தனியார் பாதை தேவை. விற்பனைக்குப் போடப்பட்டு ஆளில்லாமல் கிடக்கும் மனைப்பிரிவுச் சாலைகள் பொருத்தமானவை. உரியவரிடம் அனுமதி பெற்றுச் செய்ய வேண்டும். பொதுச் சாலையில் இதைச் செய்வது சட்டப்படிக் குற்றம். அதைவிட முக்கியமாக, எதிரே வருபவரின் உயிருக்கு நேரும் ஆபத்து.

ஆபத்தைப் பற்றி இன்னும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 10 மீ/வி வேகத்தில் காற்று அந்த ஆலையைப் பின்னோக்கி ஏறக்குறைய 20 கிலோ விசையோடு தள்ளும். 50 கிலோமீட்டர் வேகத்தில் அது 40 கிலோவாகும். வேகத்தடையில் வண்டி குதிக்கும்போது கம்பத்தின் அடியில் விழும் சுமை இதைவிடப் பல மடங்கு. இறக்கை சுழலும் தளத்துக்கு நேராகவோ வண்டியின் தளத்திலோ எவரும் நிற்கக் கூடாது. மீட்டர்கள் கேபினுக்குள்ளும், ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் மூன்று கம்பிகளையும் ஒன்றாக இணைத்து ஆலையை நிறுத்தும் சுவிட்ச் ஓட்டுநருக்கு அருகில் இருப்பவரின் கைக்கெட்டும் இடத்திலும் இருக்க வேண்டும்.

எப்போது ஏற்றது? இறக்கைக்கும் ஆல்டர்னேட்டருக்கும் பொருத்தம் சரியாக உள்ளதா என்று அறிய இது மிகச் சிறந்த வழி. நம் எடுத்துக்காட்டையே பாருங்கள்: 8 மீ/வி காற்றில் அந்த ஆலை 300 சுற்றில் நின்றால், இறக்கை நுனியின் வேகம் காற்றின் வேகத்தைப்போல் 4.7 மடங்கு. இறக்கையோ 6 மடங்குக்காகச் செதுக்கப்பட்டது. ஆல்டர்னேட்டர் தேவைக்கு மேல் இழுத்து இறக்கையைத் திணறடிக்கிறது என்று பொருள். காந்தத் தட்டுகளுக்கு இடையே ஒரு மெல்லிய வாஷரைச் சேர்த்து இடைவெளியைக் கூட்டினால் காந்தப்புலம் சற்றுத் தளர்ந்து, இறக்கை வேகமெடுத்து, மொத்த மின்சாரம் கூடக்கூடும். ஆல்டர்னேட்டரை வலுவிழக்கச் செய்தால் மின்சாரம் கூடும் என்பதை லேத் ஒருபோதும் காட்டாது. அங்கே காந்தம் வலுக்க வலுக்க எண் ஏறிக்கொண்டே போகும். வண்டியிலோ, இரண்டு வாஷர் மாற்றங்களை ஒரே காலையில் ஒப்பிட்டுவிடலாம்.

ஆனால் வண்டியில் கிடைப்பது கொந்தளிப்பில்லாத, திசை மாறாத காற்று. வால் ஆலையைக் காற்றுக்குத் திருப்பும் வேலையே அங்கு இல்லை. ஆகவே வண்டியில் வந்த எண்ணைக் கோபுரத்தில் எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

## முறை 3: கோபுரத்தில் ஏற்றிப் பதிவு செய்வது

ஆலை வாழப்போகும் இடத்திலேயே, அதன் பேட்டரியோடு, வாரக்கணக்கில் காற்றையும் மின்சாரத்தையும் பதிவு செய்வது இது. உலகத் தர விதியான ஐ.இ.சி. 61400-12-1, சிறு ஆலைகளுக்கென்று சொல்லும் முறையை வீட்டில் செய்பவரும் பெருமளவு பின்பற்றலாம்: ஒவ்வொரு நிமிடத்துக்கும் காற்றின் சராசரி வேகத்தையும் சராசரித் திறனையும் எழுதுவது, பிறகு அவற்றை அரை மீ/வி இடைவெளிகொண்ட அறைகளாகப் பிரித்துப் போடுவது, ஒவ்வோர் அறையிலும் பத்து நிமிடப் பதிவாவது சேரும்வரை, மொத்தம் 60 மணி நேரமாவது தொடர்வது.

ஏன் நிமிடச் சராசரி என்று கேட்கலாம். காற்று பாதி நேரம் 3 மீ/வி, பாதி நேரம் 9 மீ/வி என்று வீசினால் சராசரி 6. ஆறின் மும்மடி 216. ஆனால் மூன்று, ஒன்பது ஆகியவற்றின் மும்மடிகளின் சராசரி 378. ஒரு மணி நேரச் சராசரியை வைத்துக் கணக்கிட்டால் சுமாரான ஆலையும் அபாரமான ஆலையாகத் தெரியும். எதிர்ப்பக்கத்தில், ஒரு விநாடிக்கு மீட்டரை எட்டிப் பார்த்து எழுதும் எண்ணும் பயனற்றது; அனிமாமீட்டரைத் தொட்ட காற்று இறக்கையை வந்தடையவும், கனமான இறக்கை வேகமெடுக்கவும் சில விநாடிகள் ஆகும்.

அனிமாமீட்டரை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலான வீட்டுச் சோதனைகள் வீணாகின்றன. தரையில் நின்று கையில் பிடித்து அளப்பவர், ஆலையின் காற்றை அளக்கவில்லை. திறந்த வெளியிலேயே 3 மீட்டர் உயரத்துக் காற்று 12 மீட்டர் உயரத்துக் காற்றைவிட ஏறக்குறைய 18 சதவீதம் மெதுவானது. அதை வைத்துக் கணக்கிட்டால் ஆலையின் செயல்திறன் இருமடங்குக்கு அருகில் தெரியும். தர விதிப்படி, இறக்கை விட்டத்தைப்போல் 2 முதல் 4 மடங்கு தூரத்தில், இயன்றவரை இரண்டரை மடங்கில், அச்சின் உயரத்திலேயே தனிக் கம்பத்தில் அது இருக்க வேண்டும். நம் ஆலைக்கு அது 6 மீட்டர். காற்று ஆலையைக் கடந்து அனிமாமீட்டருக்கு வரும் திசையில் வீசிய நிமிடங்களை நீக்கிவிட வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று ஒரே திசையில் வீசும் உடுமலை, பல்லடம், தென்காசி, ஆரல்வாய்மொழிப் பக்கத்தவர்களுக்கு இது எளிது. காற்றுக்குப் பக்கவாட்டில் கம்பத்தை நட்டால் பெரும்பாலான நிமிடங்கள் தேறிவிடும்.

இங்கு மறைமுகச் செலவுகள் அதிகம். இரண்டாவது கம்பம், அதற்கு ஸ்டே கம்பிகள், சாய்த்து நிமிர்த்த வின்ச், பிடித்துக்கொள்ள நான்கு பேர் என்று அளவைக்கு ஆகும் செலவு ஆலைக்கு ஆன செலவை நெருங்கிவிடும். பதிவுக் கருவியை ஆர்டுயினோ அல்லது அதுபோன்ற சிறு மின்னணுப் பலகையில், மின்னோட்டத்தை அளக்க உதவும் ஷண்ட், சுற்று எண்ணும் ஹால் உணரி, நினைவு அட்டை வைத்து நாமே செய்துகொள்ளலாம். ஆனால் அந்தப் பலகைக்கு ஆலையின் பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுத்தால், அந்தச் சிறு நுகர்வையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேபிள் இழப்பையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ரெக்டிபையரைக் கம்பத்தடியில் வைத்து, 40 மீட்டர் தள்ளி வீட்டிலுள்ள பேட்டரிக்கு 6 சதுர மில்லிமீட்டர் செப்புக் கேபிளை இழுத்தால், போக வர மின்தடை கால் ஓம். 20 ஆம்பியர் பாயும்போது ஏறக்குறைய 100 வாட் அந்தக் கேபிளிலேயே போய்விடும். ஆலையின் திறனைச் சொல்கிறோமா, வீட்டுக்கு வந்து சேர்ந்ததைச் சொல்கிறோமா என்பதை மீட்டர் வைக்கும் இடமே தீர்மானிக்கிறது. இரண்டு முனையிலும் மின்னழுத்தத்தைப் பதிவு செய்துவிட்டால் இரண்டையும் சொல்லலாம்.

பேட்டரி நிறைந்துவிட்ட நேரமும் கண்ணில் படாமல் எண்களைக் கெடுக்கும். கட்டுப்பாட்டுக் கருவி மின்சாரத்தை வேறு சுமைக்குத் திருப்பினாலோ ஆலைக்குத் தடை போட்டாலோ, நல்ல காற்றிலும் குறைந்த வாட் பதிவாகும். அந்த நிமிடங்களை நீக்காதவர் நல்ல ஆலையைக் குறை சொல்வார். ஒன்றை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் செய்யக் கூடாது: காற்று வீசும்போது மீட்டரை இணைப்பதற்காகச் சுமையைக் கழற்றுவது. சுமையில்லாத இறக்கை கட்டுக்கடங்காமல் சுழலும். பலத்த காற்றில் மூன்று கம்பிகளையும் இணைத்து அதை நிறுத்த முயன்றால் ஸ்டேட்டர் வெந்துபோகும். இணைப்பு வேலை அனைத்தையும் ஆலை நிற்கும்போதே முடித்துவிட வேண்டும்.

எப்போது ஏற்றது? ஆலை இனி இங்கேதான் இருக்கும், வீட்டுக்கு மாதம் எத்தனை யூனிட் வரும் என்பதே கேள்வி என்றால், இது ஒன்றுதான் விடை தரும். பலத்த காற்றில் வால் மடங்கி ஆலை பக்கவாட்டில் திரும்பித் தன்னைக் காத்துக்கொள்கிறதா என்பதையும் இந்தப் பதிவுதான் காட்டும்: காற்று ஏற ஏற வாட் ஏறாமல் ஒரு மட்டத்தில் நின்றுவிடும். விற்க எண்ணுபவருக்கு மட்டும் வீட்டுப் பதிவு போதாது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனத்துக்குத் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றில் சோதனை நிலையம் உண்டு. சான்று வேண்டுவோர் போக வேண்டிய இடம் அது.

## முறை 4: காற்றுச்சுரங்கம்

கேட்பதற்குச் சிறப்பாக இருக்கும் இந்த முறை, வீட்டு ஆலைக்குப் பெரும்பாலும் பொருந்தாது. கல்லூரிச் சுரங்கங்களின் சோதனை அறை பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைவான அகலம் உள்ளது, 2.4 மீட்டர் ஆலை அதற்குள் நுழையவே நுழையாது. கால் அளவு மாதிரி செய்து வைத்தால், சிறுத்த இறக்கையின் மேல் காற்று ஓடும் தன்மையே மாறி, செயல்திறன் குறைவாகத் தெரியும். சுரங்கத்தின் சுவர்கள் காற்றை நெருக்கும் விளைவோ எதிர்த்திசையில் எண்ணை உயர்த்தும். இரண்டையும் திருத்திக் கணக்கிடத் தெரிந்த ஆசிரியர் உடனிருந்தால் மட்டுமே பயன் உண்டு. அரை மீட்டர் விட்டத்துக்குக் குறைந்த சிறு ஆலை செய்யும் மாணவர்களுக்கும், இரண்டு இறக்கை வடிவங்களில் எது மேல் என்று மட்டும் ஒப்பிட விரும்புவோருக்கும் இது உதவும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | லேத் | வண்டி | கோபுரம் | காற்றுச்சுரங்கம் |
|---|---|---|---|---|
| எதை அளக்கிறது | ஆல்டர்னேட்டர் | இறக்கை, ஆல்டர்னேட்டர் பொருத்தம் | முழு அமைப்பும் இடமும் | இறக்கை வடிவம் |
| காற்றளவு நம்பகம் | காற்றே இல்லை | இருதிசை ஓட்டினால் நன்று | கம்பத்தின் இடத்தைப் பொறுத்தது | மிக நன்று |
| ஆகும் காலம் | ஒரு நாள் | இரண்டு மூன்று விடியற்காலைகள் | ஒரு காற்றுக்காலம் | அனுமதியைப் பொறுத்தது |
| மறைமுகச் செலவு | வெப்பம், வேகப் படிகள் | கம்பச் சட்டம், தனிப் பாதை, ஆட்கள் | இரண்டாம் கம்பம், கேபிள் இழப்பு | மாதிரி செய்தல், திருத்தக் கணக்கு |
| ஆபத்து | விரலுக்கு | உயிருக்கு | ஏற்றி இறக்கும்போது | குறைவு |
| எண் எந்தப் பக்கம் சாயும் | மேல் | சற்று மேல் | சாயாது, கவனித்தால் | இருபுறமும் |

## யார் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

முதல் ஆலை செய்பவருக்கு நான் தயங்காமல் சொல்வது லேத்தும் கோபுரமும்தான். வண்டிச் சோதனை தரும் பொருத்தக் கணக்கைக் கோபுரப் பதிவிலிருந்தும் எடுக்கலாம், சுற்று எண்ணும் உணரி இருந்தால். மெதுவாகக் கிடைக்கும், ஆனால் எவர் தலைக்கும் ஆபத்தில்லாமல் கிடைக்கும். இரண்டாவது, மூன்றாவது ஆலை செய்பவராகவும், இறக்கை வடிவத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பவராகவும், கையில் நம்பகமான வெல்டரும் தனிப் பாதையும் உள்ளவராகவும் இருந்தால் வண்டியைக் கருதலாம். அந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்பதே என் முடிவு.

கையில் பணம் குறைவாக இருந்து, இரண்டாம் கம்பமும் பதிவுக் கருவியும் இயலாது என்றால், பேட்டரிக்குப் போகும் யூனிட்டைக் கூட்டிக்காட்டும் நேர்மின் மீட்டர் ஒன்றை மட்டும் பொருத்தி, நாள்தோறும் அந்தியில் எண்ணைக் குறித்துவைக்கலாம். அதை வைத்து ஆலையின் செயல்திறனைச் சொல்ல முடியாது. ஆனால் வீட்டு விளக்குக்கும் மோட்டாருக்கும் அது போதுமா என்று சொல்ல முடியும். பலருக்கு உண்மையில் வேண்டிய விடை அதுதான்.

எந்த முறையானாலும், எண்ணைச் சொல்லும்போது அதன் துணை விவரங்களோடு சொல்ல வேண்டும். "300 வாட் ஆலை" என்று எழுதுவதற்குப் பதிலாக, "8 மீ/வி, நிமிடச் சராசரி, 26 வோல்ட் பேட்டரியில், ரெக்டிபையருக்குப் பின் 270 வாட், 2.4 மீட்டர் விட்டம்" என்று எழுதினால், அடுத்து செய்பவர் அதைத் தம் ஆலையோடு ஒப்பிட முடியும்.

காலக்கணக்கும் தேர்வில் அடங்கும். பங்குனி, சித்திரையில் காற்று அடங்கியிருக்கும்போதே லேத் சோதனையை முடித்து, வாஷர் இடைவெளியைத் தோராயமாக அமைத்துவிட வேண்டும். வைகாசி முற்பகுதியில், விடியற்காலை அமைதியில், இரண்டு கம்பங்களையும் நிமிர்த்திவிடலாம். வைகாசி கடந்தால் தென்மேற்குக் காற்று கம்பத்தைத் தொடவிடாது. ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் பதிவு. வேகமான காற்றின் அறைகள் ஆடியில் நிரம்பிவிடும். 3, 4 மீ/வி அறைகள் நிரம்பப் புரட்டாசி வரை பொறுத்திருக்க வேண்டும். அப்போது கம்பத்தைச் சாய்த்து, போல்ட் ஒவ்வொன்றையும் இறுக்கிப் பார்த்து, இறக்கையின் முன்விளிம்பைப் புழுதி அரித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, ஆல்டர்னேட்டரை மீண்டும் ஒருமுறை லேத்தில் ஏற்றி, அதே 300 சுற்றில் தராசும் மீட்டரும் சித்திரையில் காட்டிய அதே எண்களைக் காட்டுகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும்.